அப்பம் பிட்கும் நேரம்: சேலத்தில் முதன்முறை கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் புதுநன்மை (முதன்முறை அந்த அப்பத்தை வாங்கும் சடங்கு) என்று அழைப்பு வந்திருக்கும். கூட வேலை பார்ப்பவரின் கல்யாணம் நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயத்தில் இருக்கும். ஏற்காட்டுக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் ஞாயிறு காலை மணிச் சத்தம் கேட்டு, போய்த்தான் பார்ப்போமே என்று தோன்றியிருக்கும். இன்னும் சிலர் வேதாகமம் வாசித்து மனம் ஒப்பி, கொஞ்ச காலமாகவே சபைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். ஆனாலும் எல்லாரும் எழுந்து முன்னால் போகும் அந்த நேரம் வந்தால், உட்கார்வதா எழுவதா என்று தெரியாமல் பெஞ்சில் நெளிவார்கள். இவர்கள் எல்லாரையும் மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் காதில் விழுந்தாலே பாதி புரிந்துவிடும். அப்பமும் திராட்சை இரசமும் அப்படியில்லை. அங்கே பேச்சைவிடச் செய்கைதான் முக்கியம். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் எந்தச் சபையிலும் தடுமாற வேண்டியதில்லை.

முதலில், எந்தச் சபை என்று கேளுங்கள்

"சர்ச்சுக்கு வாங்க" என்று கூப்பிட்டால் போதாது, எந்த சர்ச் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சேலம் பகுதியில் கத்தோலிக்கத் தடம் பழையது. மதுரையிலிருந்து ராபர்ட் தெ நொபிலி என்ற இயேசு சபைத் துறவி 1623-லேயே சேலம், சேந்தமங்கலம் பக்கம் வந்துவிட்டார். தனி மறைமாவட்டம் ஆனது 1930-ல். சி.எஸ்.ஐ. சபையின் வேர், 1827-ல் சேலத்தில் தொடங்கிய லண்டன் மிஷன். அது 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையோடு (அதுதான் சி.எஸ்.ஐ.) கலந்தது. ஐ.இ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை) லுத்தரன்களின் வேலை 1895-ல், அப்போது சேலம் ஜில்லாவில் இருந்த கிருஷ்ணகிரியில் தொடங்கியது. பெந்தெகொஸ்தே சபைகளுக்கு இப்படி ஒரே வரியில் வரலாறு சொல்ல முடியாது. தெருவுக்கு ஒன்று, மாடி ஹாலில் ஒன்று என்று இருக்கும்.

கத்தோலிக்கர் இதைப் பூசை, திருப்பலி என்பார்கள். அதில் வாங்குவது நற்கருணை, பேச்சில் 'நன்மை'. சி.எஸ்.ஐ.யில் திருவிருந்து. லுத்தரன் பெரியவர்கள் வாயில் இராப்போஜனம். பெந்தெகொஸ்தே சபையில் கர்த்தருடைய பந்தி, அல்லது அப்பம் பிட்குதல். கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு மட்டுமல்ல, பெரும்பாலும் தினமும் உண்டு. மற்ற சபைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு என்பதுபோல ஒரு முறை வைத்திருப்பார்கள். அப்பமும் இரசமும் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், நாள் கேட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. கத்தோலிக்கக் கல்யாணம் என்றாலே பூசை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மணமக்களில் ஒருவர் ஞானஸ்நானம் பெறாதவராக இருந்தால், பொதுவாகப் பூசை இல்லாமல் திருமணச் சடங்கு மட்டும் நடக்கும். பெரிய வெள்ளியன்றும் பூசை கிடையாது. முந்தின நாள் வசனம் சொல்லி அர்ப்பணித்து வைத்த அப்பத்தைத்தான் அன்று கொடுப்பார்கள்.

வீட்டிலேயே வாசித்துவிட்டுப் போக வேண்டியது

முழு வேதாகமமும் வேண்டாம். லூக்கா 22-ஆம் அதிகாரத்தில் 19-ஆம் வசனம் போதும். சிலுவைக்கு முந்தின இரவு இயேசு சீடரோடு சாப்பிட்ட கடைசி விருந்து அது. பழைய மொழிபெயர்ப்பில் இப்படி இருக்கிறது: "பின்பு அவர் அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம்பண்ணி, அதைப் பிட்டு, அவர்களுக்குக் கொடுத்து: இது உங்களுக்காகக் கொடுக்கப்படுகிற என்னுடைய சரீரமாயிருக்கிறது, என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள் என்றார்."

எடுத்தார், நன்றி சொன்னார், பிட்டார், கொடுத்தார். இந்த நாலையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து அப்பத்தைக் கொண்டு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்ட இடத்திலும் இதே வரிசைதான். உயிர்த்தெழுந்த பிறகு எம்மாவு ஊரில் இரண்டு சீடரோடு பந்தியில் உட்கார்ந்தபோதும் இதே வரிசைதான் (லூக்கா 24:30). வழியெல்லாம் கூடவே நடந்து வந்தும் அடையாளம் தெரியாதவரை, அப்பத்தைப் பிட்டபோதுதான் அவர்கள் கண்டுகொண்டார்கள். அந்தக் கையசைவு அவர்களுக்கு அவ்வளவு பழகியிருந்தது.

அப்பம் எதன் அடையாளம், இரசம் எதன் அடையாளம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து மனப்பாடம் செய்வதில் பெரிய பலன் இல்லை என்பது என் கருத்து. மறைக்கல்வி வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். ஆனால் தட்டில் முழுசாக இருக்கும் அப்பத்தில் அர்த்தம் பாதிதான் இருக்கிறது. அதைப் பிட்டுப் பங்கு வைக்கும்போதுதான் மீதிப் பாதி வந்து சேர்கிறது. 'உங்களுக்காகக் கொடுக்கப்படுகிற சரீரம்' என்ற சொல்லுக்கு அங்கேதான் பொருள் கிடைக்கிறது.

சரி, ஏன் அப்பம்? நமக்குச் சோறு எப்படியோ அப்படித்தான் அந்த நாட்டுக்கு அப்பம். அது இல்லாவிட்டால் பட்டினி. திராட்சை இரசத்தின் கணக்கு வேறு. அது இல்லாமலும் உயிர் வாழலாம். 104-ஆம் சங்கீதம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது: இரசம் மனுஷனுடைய இருதயத்தை மகிழ்ச்சியாக்கும், ஆகாரம் அதை ஆதரிக்கும். ஒன்று தேவைக்கு, இன்னொன்று மகிழ்ச்சிக்கு. கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரை இரசமாக்கியது (யோவான் 2) யாருடைய பசியையும் தீர்க்க அல்ல, விருந்து குன்றிப்போகக் கூடாது என்றுதான். அதே சமயம் கெத்செமனே தோட்டத்தில் 'இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும்' என்று மன்றாடியபோது, பாத்திரம் என்பது வரப்போகும் பாடு. கிண்ணத்தைத் தூக்கும்போது இந்த இரண்டும் சேர்ந்தே தூக்கப்படுகின்றன.

அந்தக் கடைசி இரவு பாஸ்கா பண்டிகையை ஒட்டியது. எகிப்தில் அடிமையாய் இருந்த இஸ்ரவேலர், மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் புறப்பட்டதை நினைத்துப் புளிப்பில்லாத அப்பம் சாப்பிடும் நாள் (யாத்திராகமம் 12). கத்தோலிக்கர்கள் கொடுக்கும் மெல்லிய வட்ட அப்பம் புளிக்காததாக இருப்பது அந்த நினைவால்தான். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் புளித்த மாவுதான். உயிர்த்தெழுதலுக்கு மாவு எழும்புவதே பொருத்தம் என்பது அவர்கள் வாதம்.

"என் இரத்தம்" என்ற சொல் புதியவர்களுக்கு உறுத்தும். உறுத்தினால் தப்பில்லை. முதலில் கேட்டவர்களுக்கும் உறுத்தியது. இரத்தம் சாப்பிடுவது யூதச் சட்டத்தில் கண்டிப்பாக விலக்கு. மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்பது அதற்குக் காரணம் (லேவியராகமம் 17). யோவான் 6-ல் இயேசு இதைப் பேசியவுடன், இது கடினமான உபதேசம் என்று சொல்லிப் பல சீடர்கள் விலகியே போனார்கள். ரோமாபுரிக் காலத்தில் கிறிஸ்தவர்கள் நரமாமிசம் தின்கிறார்கள் என்ற பழியும் கிளம்பியது. அந்தச் சொல்லின் பின்னால் இருப்பது உடன்படிக்கை. சீனாய் மலையடியில் மோசே பலியின் இரத்தத்தை ஜனங்கள்மேல் தெளித்து உடன்படிக்கை செய்தார் (யாத்திராகமம் 24). எரேமியா 31, புதிய உடன்படிக்கை ஒன்று வரும் என்றது. கிண்ணத்தை எடுத்து 'புதிய உடன்படிக்கை' என்று இயேசு சொன்னபோது, கூட இருந்தவர்களுக்கு இந்த இரண்டும் ஞாபகம் வந்திருக்கும். உயிரைக் கொடுத்துக் கட்டும் உறவு என்று எடுத்துக்கொண்டால் அந்தச் சொல் பிடிபடும்.

உள்ளே போகும்போது

வாசலில் செருப்புகள் கிடக்கிறதா பாருங்கள். கிடந்தால் நீங்களும் விடுங்கள். பல இடங்களில் பெண்கள் சேலை முந்தானையையோ துப்பட்டாவையோ முக்காடாகப் போடுவார்கள். விருந்தினரைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள், போட்டால் சந்தோஷப்படுவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் கோயிலும் உண்டு. நடு பெஞ்சுக்குப் பின்னால், ஓரமாக உட்காருங்கள். முன்னால் இருப்பவர் எழுந்தால் எழலாம், உட்கார்ந்தால் உட்காரலாம். முழந்தாளிட மனமில்லை என்றால் அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும்.

கத்தோலிக்கக் கோயிலில் பீடத்துக்கு அருகே சிறு பெட்டி ஒன்றும் அதன் பக்கத்தில் அணையாத விளக்கு ஒன்றும் இருக்கும். அது நற்கருணைப் பேழை. அந்தப் பக்கம் பார்த்து மண்டியிட்டுவிட்டு உட்கார்வார்கள். நீங்கள் கும்பிட்டாலோ தலை வணங்கினாலோ போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் போகிறவர்கள் கீழேயிருந்து சீக்கிரம் கிளம்புங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் சுற்றுலா வண்டிகள் நிற்கும். பூசை பாதியில் நுழைந்தால் நான் சொல்லும் எதுவும் விளங்காது.

காணிக்கை முதல் நன்மை வரை: எதைப் பார்க்க வேண்டும்

கத்தோலிக்கப் பூசையில் பிரசங்கம் முடிந்ததும் காணிக்கைப் பவனி வரும். 'எடுத்தார்' என்பது இங்கே தொடங்குகிறது. அப்பமும் இரசமும் பின்னாலிருந்து மக்கள் கையால் முன்னால் வருவதைக் கவனியுங்கள். சாமியார் அவற்றை வாங்கிச் சொல்லும் ஜெபத்தில், இவை நிலத்தின் விளைச்சல், மனித உழைப்பின் பயன் என்று வரும். கோதுமையையும் திராட்சைக் குலையையும் அப்படியே வைப்பதில்லை. அரைத்து, பிசைந்து, சுட்டு, பிழிந்து, புளிக்கவைத்த பிறகுதான் பீடத்துக்கு வருகின்றன. விளைந்ததும் வருகிறது, உழைத்ததும் வருகிறது. காபித் தோட்டத்தில் பழம் பறித்தவர்கள் நிறைய பேர் உட்கார்ந்திருக்கும் மலைக் கோயிலில் இந்த ஜெபத்தைக் கேட்பது தனி.

அதே நேரத்தில் கிண்ணத்தில் இரசத்தோடு சில துளி தண்ணீர் கலப்பதைப் பாருங்கள். கடினமான இரசத்தில் தண்ணீர் கலந்து குடிப்பது அக்காலத்து வழக்கம். இன்று அதோடு சொல்லும் ஜெபம், கிறிஸ்துவின் இறைத்தன்மையில் மனிதருக்குப் பங்கு கேட்கிறது. கலந்த துளியைத் திரும்பப் பிரித்தெடுக்க முடியாது.

அடுத்து நீண்ட நன்றி ஜெபம். இரண்டாவது வினை. சாமியார் காணிக்கைகள்மேல் கைகளை விரித்துத் தூய ஆவியாரை அழைப்பார். பிறகு கடைசி இரவின் வார்த்தைகள்: "அனைவரும் இதிலிருந்து வாங்கி உண்ணுங்கள்." அப்பத்தை உயர்த்துவார், மணி அடிக்கும், கிண்ணத்தை உயர்த்துவார், மறுபடி மணி. இதுதான் எழுந்தேற்றம். புகைப்படம் எடுக்கும் நேரம் இதல்ல. போனை அணைத்துப் பையில் வையுங்கள்.

அப்பமும் இரசமும் தனித்தனியாக உயர்த்தப்படுவதற்குக் காரணம் உண்டு. உடல் ஒரு பக்கம், இரத்தம் ஒரு பக்கம் என்று பிரிந்தால் அது சாவு. சிலுவை மரணத்தை இந்தப் பிரிவில் காட்டுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து, பரலோக மந்திரமும் (இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம்) சமாதான வணக்கமும் முடிந்ததும் (பக்கத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்துக் கைகூப்புவார், நீங்களும் கைகூப்புங்கள்), சாமியார் பெரிய அப்பத்தை இரண்டாகப் பிட்பார். மூன்றாவது வினை. எல்லாரும் பாடிக்கொண்டிருப்பதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். கண்ணை எடுக்காதீர்கள். பிட்டதில் சிறு துணுக்கு ஒன்றைக் கிண்ணத்துக்குள் போடுவார். பிரிந்த உடலும் இரத்தமும் மீண்டும் சேர்வதை, அதாவது உயிர்ப்பை, அதில் காண்பது பழைய விளக்கம்.

பிட்பதில் இன்னொரு பொருளும் இருக்கிறது. 'திதாக்கே' என்று ஒரு பழைய நூல். பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்று பொருள். முதல் நூற்றாண்டின் கடைசியிலோ அதற்குக் கொஞ்சம் பின்னாலோ எழுதப்பட்டது. அதன் 9-ஆம் அதிகாரத்தில் உள்ள ஜெபம் ஒன்று, மலைகள்மேல் சிதறிக் கிடந்த தானியம் சேர்க்கப்பட்டு ஒரே அப்பமானதுபோல, உலகெங்கும் சிதறிய சபையும் ஒன்றாகட்டும் என்று வேண்டுகிறது. சேர்வராயன் மலைச் சரிவுகளில் துண்டு துண்டாகச் சாமையும் கேழ்வரகும் விளைவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஜெபத்துக்கு உரை தேவையில்லை. முதல் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய பவுலும் இதையே சொன்னார்: அப்பம் ஒன்று, அதனால் அநேகரான நாம் ஒரே சரீரம் (1 கொரிந்தியர் 10:17).

ஆனால் கொரிந்து சபையில் நடந்தது வேறு. வசதியானவர்கள் முன்னாலேயே வந்து சாப்பிட்டு முடித்தார்கள். உழைத்துவிட்டு வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் கொதித்துப்போய் எழுதியதுதான் 11-ஆம் அதிகாரம். கடைசி இரவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து அந்தக் கண்டனத்துக்கு நடுவில்தான் இருக்கிறது. கி.பி. 50-களில் எழுதியது, நற்செய்தி நூல்களுக்கும் முந்தியது. நம் ஊர்க் கதையும் அதற்குக் குறைந்ததல்ல. ஒரே கோயிலில் சாதிக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து, ஒரு சாதி வாங்கிய பிறகு இன்னொரு சாதி வாங்குவது தமிழ்நாட்டில் நெடுங்காலம் நடந்தது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கக் கூடாது, திருவிருந்துக்கும் எல்லாரும் சேர்ந்தே வர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே போனார்கள். ஒரே கிண்ணத்தில் வாய் வைப்பது என்ன பொருள் தருகிறது என்பது, விட்டுப் போனவர்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. ஒரு சபை அப்பத்தைப் பற்றிச் சொல்வதை உண்மையாக நம்புகிறதா என்று அறிய வேண்டுமானால், யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பிரசங்கத்தைவிட அது நன்றாகச் சொல்லும்.

வரிசையில் எழுந்து போகலாமா

நாலாவது வினை, கொடுப்பது. புதியவர்கள் சிக்கிக்கொள்ளும் இடமும் இதுதான். கோயிலில் பிரசாதம் வாங்கிப் பழகிய நமக்கு, சாமி சன்னிதியில் கொடுப்பதை வேண்டாம் என்பது மரியாதைக் குறைவாகப் படும். கொடுக்க மறுத்தால் அவமானமாகப் படும். பிரசாதம் வந்தவர் எல்லாருக்கும் உண்டு, கேள்வி கிடையாது. நன்மை அப்படியல்ல. "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்லி அப்பத்தைக் காட்டுவார்கள். வாங்குபவர் "ஆமென்" என்பார். நம்புகிறேன், இந்த உடன்படிக்கையில் நானும் ஒருவன் என்று வாக்குக் கொடுப்பது அது. நம்பாமல் அந்த வாக்கைச் சொல்ல வைப்பது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதையாகாது என்பதால்தான், ஞானஸ்நானம் பெற்று ஆயத்தம் முடித்தவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார்கள்.

எனவே கிறிஸ்தவர் அல்லாதவர்கள் உட்கார்ந்தே இருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கிறிஸ்தவர்களிலேயே பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்யாததால் போகாமல் இருப்பவர்கள் உண்டு. பெஞ்சில் மற்றவர்கள் தாண்டிப் போகக் காலை ஒதுக்கினால் போதும். கூட்டத்தில் தெரியாமல் எழுந்து போய்விட்டால், கைகளை மார்பில் குறுக்காகக் கட்டித் தலை குனியுங்கள். பல இடங்களில் ஆசீர்வதித்து அனுப்புவார்கள். வாங்கிவிட்டு வாயில் போடாமல் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவது மட்டும் கூடவே கூடாது. கத்தோலிக்கர்களுக்கு அதைவிட வலி வேறில்லை. சாம்பல் புதனன்று நெற்றியில் இடும் சாம்பலை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

புதுநன்மைக்குத் தயாராகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் கூடாது. ஏற்காட்டுக் குளிரில் காபி வாசனை வரும்போது இது சோதனைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். கையில் வாங்குவதானால் வலக்கைமேல் இடக்கையை விரித்து வையுங்கள். இடக்கையிலா வாங்குவது என்று நம்மவருக்கு உறுத்தும். வலக்கையால் எடுத்து வாயில் வைக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்த இடத்திலேயே உட்கொண்டுவிட்டு நகருங்கள். பெரும்பாலும் அப்பம் மட்டும்தான் கிடைக்கும், கிண்ணம் வராது. ஏதோ பாதிதான் கிடைத்தது என்று எண்ண வேண்டாம். இரண்டில் எதை வாங்கினாலும் முழுக் கிறிஸ்துவையே வாங்குகிறோம் என்பது அவர்கள் போதனை.

"வெறும் அடையாளம்தானே?"

இந்தக் கேள்வியை எங்கே கேட்கிறோம் என்று பார்த்துக் கேட்க வேண்டும். கத்தோலிக்கரிடம் 'வெறும்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அப்பத்தின் நிறமும் சுவையும் அப்படியே இருந்தாலும் அதன் உட்பொருள் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்று 1551-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் அறுதியிட்டுச் சொன்னது. லுத்தரன்கள், அப்பம் அப்பமாகவே இருக்கிறது, அதோடும் அதனுள்ளும் கிறிஸ்துவின் உடல் உண்மையாகவே இருக்கிறது என்பார்கள். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் பெரும்பாலும் இது நினைவுகூரும் அடையாளம். 1529-ல் மார்பர்க் நகரில், சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லுத்தரும் ஸ்விங்லியும் இதைத் தீர்க்க உட்கார்ந்தார்கள். 'இது என் உடல்' என்று மேசையில் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டு லுத்தர் வாதாடினார். பதினைந்து விஷயங்களில் பதினாலில் ஒத்துப்போனவர்கள், இந்த ஒன்றில் பிரிந்தார்கள். சி.எஸ்.ஐ.யில் போதகரான ஆயரைப் பொறுத்து விளக்கம் கொஞ்சம் இப்படியும் அப்படியும் இருக்கும். பல சபைகள் சேர்ந்து உருவானதல்லவா!

மற்றச் சபைகளில் என்ன வேறு

சி.எஸ்.ஐ.யில் பீடத்தின் முன் கம்பி அருகே வரிசையாக முழந்தாளிடுவார்கள். ஆயர் அப்பம் கொடுத்துக்கொண்டே வருவார், பின்னால் கிண்ணம் வரும். ஒரே கிண்ணத்தில் குடிப்பது, அப்பத்தை இரசத்தில் தோய்த்துக் கொடுப்பது, சிறு கோப்பைகள் என்று முறை மாறும். முன்னால் போகிறவரைப் பாருங்கள். திடப்படுத்தல் (ஞானஸ்நான வாக்கைத் தாமே உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்கள்தான் பங்குபெறுவது வழக்கம். லுத்தரன் சபையில் முன்கூட்டியே ஐயரிடம் (போதகரிடம்) பெயர் சொல்லி வைக்க வேண்டியிருக்கலாம். பெந்தெகொஸ்தே சபையில் தட்டும் சிறு கோப்பைகளும் இருக்கும் இடத்துக்கே வரும். ஞானஸ்நானம் எடுக்காதவர் கையசைத்துப் பக்கத்தவருக்கு நகர்த்திவிடலாம்.

இரசத்தில் போதை உண்டா என்று கேட்பவர்கள் நிறைய. கத்தோலிக்கச் சட்டப்படி அது திராட்சையிலிருந்து வந்த, கெட்டுப்போகாத உண்மையான வைன். குடிப்பழக்கத்திலிருந்து மீண்ட குருக்கள் போன்றவர்களுக்கு, புளிப்பேறாமல் நிறுத்திய சாற்றுக்கு அனுமதி தருவார்கள். மற்றப் பல சபைகளில் வெறும் திராட்சைச் சாறுதான். 1869-ல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்பவர் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் வழி கண்டார். திருவிருந்துக்காகவே செய்தது அது.

அப்பமும் அப்படித்தான். கத்தோலிக்கர்களுக்குக் கோதுமை மட்டும், தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் குளூட்டன் மிகக் குறைந்த அப்பம் உண்டு, அறவே இல்லாதது செல்லாது. அரிசியும் கேழ்வரகும் தின்னும், மரவள்ளிக் கிழங்கைச் சவ்வரிசியாக்கி ஊருக்கெல்லாம் அனுப்பும் சேலத்தில், ஏன் வடக்கே விளையும் கோதுமை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இயேசு எடுத்ததையே எடுக்கிறோம் என்பது பதில். எனக்கு அந்தப் பதில் பாதிதான் திருப்தி.

மீந்ததும், வீட்டுக்கு வருவதும்

கத்தோலிக்கக் கோயிலில் மீந்த அப்பம் பேழைக்குள் போகும், நோயாளிகளுக்காக. சி.எஸ்.ஐ.யில் ஆயரும் உதவியாளர்களும் அங்கேயே உட்கொண்டு முடிப்பார்கள். அடையாளம் என்று கொள்ளும் சபைகளில் மீந்ததற்குத் தனி முறை இருக்காது.

உங்கள் வீட்டிலோ வாடகைக்கு இருப்பவர் வீட்டிலோ படுத்த படுக்கையாய் ஒரு கத்தோலிக்கர் இருந்து, நன்மை கொண்டுவரச் சொன்னால் செய்ய வேண்டியது சுலபம். பங்குக் கோயில் அலுவலகத்திலோ, சாமியாருக்கு உதவும் உபதேசியாரிடமோ சொல்லுங்கள்: "சாமி, எங்க வீட்டுல பெரியவங்க நடக்க முடியாம இருக்காங்க, நன்மை வேணும்ங்கறாங்க." கட்டிலுக்குப் பக்கத்தில் சிறு மேசை, அதன்மேல் சுத்தமான வெள்ளைத் துணி, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர். டி.வி.யை அணைத்துவிடுங்கள். சாமியார் உள்ளே வரும்போது பேச்சுக் கொடுக்காமல் வழி விடுங்கள்; நற்கருணையைச் சுமந்து வருவதால் அவரும் வழியில் பேச மாட்டார். பாவசங்கீர்த்தனம் கேட்க வேண்டியிருந்தால் எல்லாரும் அறையை விட்டு வெளியே வர வேண்டும். விழுங்கக் கஷ்டப்படுவார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிறு துணுக்காகப் பிட்டுக் கொடுப்பார். ஆஸ்பத்திரியில் இருந்தால் பெயர், வார்டு, கட்டில் எண், பார்வையாளர் நேரம் நாலையும் எழுதிக் கொடுங்கள். காபி பலகாரமெல்லாம் நன்மை கொடுத்து முடிந்த பிறகு.